உப்பில் போட்ட பகை

அக்காவுக்கு யார் மேலாவது கோபம் வந்தால் கத்த மாட்டார். கையில் இருக்கிற மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டே, "இருக்கட்டும், உப்புல போட்டு வச்சிருக்கேன்" என்பார். பாம்பன் கரையில் அந்தச் சொல்லுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. உப்பில் போட்டது கெடாது. வேண்டுகிறபோது எடுத்துக்கொள்ளலாம்.

ஒருமுறை மாதா கோயில் உபதேசியாரின் ஆடு, கொடியில் காயப்போட்டிருந்த எங்கள் கால்பந்து அணியின் ஜெர்சி ஒன்றை மென்று தின்றுவிட்டது. உபதேசியார் ஓடிவந்து வருத்தம் சொன்னார். அக்கா தலையை ஆட்டி அனுப்பிவிட்டார். அடுத்த ஈஸ்டருக்கு எங்கள் அணிக்கு விருந்து வைத்தார். ஆட்டுக்கறி. உபதேசியாரையும் கூப்பிட்டு, பந்தியில் முதல் ஆளாக உட்காரவைத்து, தன் கையாலேயே பரிமாறினார். அவர் இரண்டாம் தடவை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகு, "நம்ம ஆடுதான், கூச்சப்படாம சாப்புடுங்க" என்றார். ஜெர்சியைத் தின்ற அதே ஆட்டை உபதேசியாரின் மகனிடம் பேசி முறையாகத்தான் வாங்கியிருந்தார். அப்பனுக்குத்தான் சொல்லவில்லை.

இப்படிச் சிரித்துச் சொல்கிற கதைகள் அவரைப் பற்றி நிறைய உண்டு. ஆனால் அக்கா என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சிரிக்கிற கதை அல்ல. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் அணியைப் பற்றி யாராவது கேட்டால், "என் பேர் எதுக்கு, தம்பி பேரு இருக்குல்ல, அதச் சொல்லு" என்பவர் அவர்.

நான் திருவாடானைப் பக்கத்துக்காரன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து ரயில்வேயில் போர்ட்டர் வேலை கிடைத்துப் பாம்பனுக்கு வந்தபோது எனக்குக் கடலும் புதிது, மாதா கோயிலும் புதிது. ஒருநாள் காலையில் சரக்கு வண்டி கிளம்பிவிட்டது. கார்டு தன் பச்சைக் கொடியைப் பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டார். நான் அதை எடுத்துக்கொண்டு பிளாட்பாரம் முடிகிறவரை ஓடி, கடைசிப் பெட்டிக்குள் எறிந்தேன். கருவாட்டுக் கூடைகளோடு பாசஞ்சர் வண்டிக்குக் காத்திருந்த ஒரு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை.

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"சாயங்காலம் கரைக்கு வா தம்பி. பந்து உதைக்கணும்."

எனக்குத் தெரியாது என்றேன். ஓடத் தெரிகிறது அல்லவா, உதைக்கிறதைச் சொல்லிக்கொடுப்பார்கள் என்றார். அப்படித்தான் நான் ராயப்பர் கால்பந்து அணியில் வலது ஓரம் ஓடுகிற ரைட் அவுட் ஆனேன். இந்துப் பையனை ராயப்பர் பெயரில் எப்படி ஆடவிடுவது என்று அணியில் ஒருவன் முனகியிருக்கிறான். ராயப்பரே வலை போட்டவர்தானே, விழுந்ததை எல்லாம் எடுத்துக்கொள்வார் என்று அக்கா அவன் வாயை அடைத்துவிட்டாராம்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தந்திரம் இருந்தது. இயேசுவின் சீடரான ராயப்பர் மீனவர்களுக்குக் காவல் புனிதர். அணிக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று அக்கா போய்க் கேட்டபோது பங்குச் சாமியார் மகிழ்ந்துபோய், முதல் பந்தைத் தானே மந்திரித்துக் கொடுத்தார். அக்காவின் தம்பி பெயரும் ராயப்பன்தான் என்பது அந்தச் சாமியாருக்குத் தெரியாது. அவர் ஊருக்குப் புதுசு. கரையில் இருந்த அத்தனை பேருக்கும் எந்த ராயப்பன் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் மைதானம் கடற்கரை மணல்தான். உடைந்த பாய்மரக் கட்டைகளை நட்டுக் கோல் வைத்திருந்தோம். காலில் பூட்ஸ் கிடையாது. ஜெர்சி என்பது காடாத் துணியில் தைத்த சட்டை. கரையில் வலைகள் உப்பில் இற்றுப்போகாமல் இருக்கப் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்துச் சாயம் ஏற்றுவார்கள். அக்கா சட்டைகளையும் அதே தொட்டியில் முக்கி எடுத்தார். கறுப்பும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம். துவைத்தால் போகாது. வாசனையும் போகாது. ராமநாதபுரத்தில் எங்களைக் கருவாட்டு டீம் என்று கூப்பிட்டார்கள். பையன்களுக்கு ரோஷம் வந்து, வெள்ளைச் சட்டை தைக்கலாமே என்றார்கள்.

"நாறட்டும்லே. பக்கத்துல வந்து மறிக்கமாட்டான்ல?" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நாங்களே எங்களைக் கருவாட்டு டீம் என்று சொல்லிக்கொண்டோம். வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போனோம்.

ஆட்டம் தொடங்கும் முன் அக்கா எங்களுக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். எதிர் அணியின் முகத்தைப் பார்த்து வரிசையாக நின்று, ஒவ்வொருவனும் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும். மற்ற அணிகள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருமுறை எங்களில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ஊரில் இருந்து வந்திருந்த, நன்றாக ஆடுகிற ஒருவன், வராதவன் பெயரைச் சொல்லிக்கொண்டு தான் ஆடுகிறேன் என்று முன்வந்தான். அக்கா அவனைப் பார்த்த பார்வையில் அவன் பின்னாலேயே நகர்ந்து போய்விட்டான். ஒன்பது பேராக ஆடித் தோற்றோம். அக்காவுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கரையில் யாரைக் கேட்டாலும், அவரிடமே கேள் என்றார்கள்.

கேட்டேன். இரண்டு பேரும் பரமக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் ரயில்வே வேலையாக, அவர் கருவாட்டுக் கூடைகளோடு. பாலத்தின் மேல் வண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னார்.

அவருக்கு அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். கல்யாணமான வருஷமே புருஷனும் காய்ச்சலில் போய்விட்டார். மிஞ்சியது தம்பி ராயப்பன்தான். பந்து விளையாட்டில் அந்தக் கரையில் அவனுக்கு நிகர் இல்லை. ராமநாதபுரம் டவுன் டீமின் கேப்டன் அவன் ஆட்டத்தை மண்டபத்தில் ஒரு திருவிழாவில் பார்த்திருக்கிறார். அவர் அரிசி மில் வைத்திருந்த குடும்பம். பரமக்குடியில் நடந்த ஒரு கோப்பைப் போட்டியில் டவுன் டீம் இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது, அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு படுத்துவிட்டான். முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள்தான் ஆடலாம் என்பது விதி. கேப்டன் ஆளை அனுப்பி ராயப்பனைக் கூட்டிக்கொண்டு போய், தன் மைத்துனன் பெயரில் இறக்கிவிட்டார். பெரிய டீமில் ஆடுகிற சந்தோஷத்தில் அவனும் சரி என்றுவிட்டான்.

அந்த ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல். போட்டவன் ராயப்பன். ஆட்டம் முடிகிற நேரத்தில் எதிராளி ஒருவன் அவன் முட்டியின் மேல் முழு உடம்போடு விழுந்தான். கால் மடங்கி எலும்பு விலகிவிட்டது. மைதானத்தில் இருந்த டாக்டர் போட்டியை நடத்துகிற கமிட்டிக்காரர். அவரிடம் கொண்டுபோனால் பெயர் கேட்பார், முகத்தைப் பார்ப்பார், குட்டு வெளிப்பட்டுக் கோப்பை போய்விடும். அதனால் வேட்டியைக் கிழித்துக் காலைக் கட்டி, கேட்டவர்களிடம் குடித்திருக்கிறான் என்று சொல்லி, ரயிலேற்றி விட்டுவிட்டார்கள். கூட ஒருவரும் வரவில்லை. பாம்பன் பிளாட்பாரத்தில் அவன் தவழ்ந்து இறங்கியதை அக்கா பார்த்தார். அவரே தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். கட்டுப்போடுகிறவர் வந்து பார்த்தபோது முட்டி கலயம் மாதிரி வீங்கியிருந்தது. பிறகு அது மடங்கவே இல்லை.

மடங்காத காலோடு வள்ளத்தில் நிற்க முடியாது. அலை தூக்கும்போது முட்டியை மடக்கித்தான் உடம்பைத் தாங்க வேண்டும். அவன் கேட்கவில்லை, கடலுக்குப் போனான். ஒரு வாடைக்காற்று நாளில் வள்ளம் குலுங்கியது. மற்றவர்கள் நின்றார்கள். அவன் போய்விட்டான்.

"செத்ததுக்கு நான் அவங்க வீட்டுக்குப் போகல தம்பி. கடல்ல சாவறது எங்களுக்குப் புதுசா? கோல் போட்டது என் தம்பின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, கோயில்ல பூசையப்ப அதச் சொல்லி அவன் ஆத்துமாவ ஒப்புக்கொடுக்கணும்னு கேக்கத்தான் போனேன்."

கேப்டன் வாசலிலேயே நிறுத்திப் பேசியிருக்கிறார். கூடத்துச் சுவரில் கோப்பையோடு எடுத்த போட்டோ மாட்டியிருந்தது. அதைக் கைகாட்டினாராம்.

"'உன் தம்பி எங்க டீம்ல ஆடவே இல்லையேம்மா, வேணும்னா நீயே பாத்துக்க' அப்படின்னாரு. பாத்தேன். இல்ல. எல்லாப் பயலும் இருக்கான், அவன் இல்ல."

உச்சிப்புளி ஸ்டேஷன் தாண்டியதும் அக்கா கூடையைத் திறந்து கருவாடு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

அந்த வாசலில் இருந்து திரும்பி வந்த வாரத்திலேயே அவர் அணி தொடங்கிவிட்டார். பந்து விளையாட்டில் அதுவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. தம்பியோடு ஆடியவர்களைக் கூப்பிட்டு, டவுன் டீமை அவங்க ஊர்லயே வச்சு அடிக்கணும், என்ன செய்யணுமோ செய்யுங்க, சோறு என் பொறுப்பு என்றார். கருவாடு விற்றதில் பாதி எங்கள் வயிற்றுக்குள் போயிற்று.

டவுன் டீம் எங்களோடு ஆட மறுத்தது. ஜில்லாப் போட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வருஷா வருஷம் கேட்டோம். தீவில் இருக்கிற டீம், ரயில் தவறினால் ஆட்டம் நின்றுபோகும் என்று ஒரு வருஷம் சொன்னார்கள். பூட்ஸ் இல்லாதவர்களோடு ஆட முடியாது என்று இன்னொரு வருஷம். கேப்டனுக்கு வயதாகி ஆட்டத்தை விட்டுவிட்டார். ஆனால் அவர்தான் ஜில்லாப் போட்டிக்குத் தலைவர். எல்லோரும் அப்போதும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் அக்கா சொன்னது ஒன்றேதான். உப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

நாங்கள் சுற்றுவட்டாரத்து அணிகளோடு ஆடினோம். ஜெயிக்கவும் தொடங்கினோம். பரமக்குடியில் இருந்து வந்த ரெஃப்ரி ஒருவர், டவுன் டீமுக்கு வேண்டியவர், எங்களுக்கு எதிராக இல்லாத ஒரு பெனால்டியைக் கொடுத்துத் தோற்கடித்தார். மறு வருஷம் பாம்பனில் நாங்கள் நடத்துகிற ராயப்பர் திருநாள் போட்டிக்கு அவரையே அழைக்கச் சொன்னார் அக்கா. எங்களுக்கு ஆச்சரியம். அவரை நன்றாகக் கவனித்தார், சர்பத்து கொடுத்தார். ஆட்டம் தொடங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. கச்சான் என்கிற மேற்குக் காற்று வருகிற பக்கமாகப் பார்த்து, மைதானத்தின் ஓரம் முழுக்கக் காலையிலேயே சாளைமீனைக் காயப் பரப்பி வைத்திருந்தார். பாதி காய்ந்த மீனின் வாடை எங்களுக்குப் பழக்கம். அந்த மனிதர் விசில் ஊத மூச்சை இழுக்கும்போதெல்லாம் கண் கலங்கி, கடைசியில் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார். அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அப்போதே எனக்கு ஒரு பயமும் இருந்தது. ஒரு பெனால்டிக்கு இவ்வளவு என்றால், ஒரு முட்டிக்கு எவ்வளவு?

பிறகு தனுஷ்கோடியைக் கடல் கொண்ட அந்தப் புயல் வந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்கள் அணியில் சென்டர் ஹாஃப் ஆடியவன் தன் தங்கச்சியைப் பார்க்கத் தனுஷ்கோடிக்குப் போனான், திரும்பவில்லை. வள்ளங்கள் நொறுங்கிக் கரையில் விறகாகக் கிடந்தன. வலைகள் போய்விட்டன. பாலம் உடைந்து ரயில் நின்றது. மண்டபத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார்கள். அங்கே நான் கேப்டனைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புகையில் கண்ணைத் துடைத்தபடி, நாள் முழுக்க நின்று கஞ்சி ஊற்றினார். மில்லில் இருந்து மூட்டை மூட்டையாக அரிசி கொண்டுவந்திருந்தார். ஒருவரையும் முகம் சுளித்துப் பேசவில்லை. அக்காவிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

பாலத்தைச் சரிசெய்து ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ராமநாதபுரத்தில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். புயல் நிவாரணத்துக்காக ஒரு ஆட்டம் நடத்தப்போகிறார்கள், டவுன் டீமும் ராயப்பர் அணியும் ஆட வேண்டும், வசூல் முழுவதும் வள்ளத்துக்கும் வலைக்கும் என்றார்கள். கேப்டனின் யோசனை அது. அத்தனை வருஷம் கேட்டுக் கிடைக்காத ஆட்டம், வீடு வாசல் போன பிறகு தானாக வந்து நின்றது.

பையன்களுக்குள் பேச்சு எழுந்தது. நமக்கு உதவத்தான் செய்கிறார்கள், அவர்களை எப்படி அடிப்பது, ஒப்புக்கு ஆடி ஆளுக்கொரு கோலோடு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். அக்கா கடைசி வரை கேட்டார்.

"பசிக்கு வாங்கிக்குவோம். வாங்குனதுக்காகப் பல்ல இளிக்கணும்னு சட்டம் இல்ல. கோல் போடுங்க. போட்டுக்கிட்டே இருங்க. ஆனா ஒருத்தன் காலும் அவங்க முட்டியில படக்கூடாது."

ஏன் என்று ஒருவன் கேட்டான். பாவ புண்ணியம் பார்த்துச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அடிபட்டா சனம் அவங்க பக்கம் சாஞ்சிரும்" என்றார்.

ஆட்டத்தன்று ராமநாதபுரத்து மைதானத்தில் நிற்க இடம் இல்லை. பந்தல் போட்டு, மைக் கட்டி, முன்வரிசையில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கும் நாற்காலி போட்டார்கள். அவர் அதில் உட்காராமல் எங்கள் பக்கத்துக் கோட்டோரம் தரையில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வரிசையாக நின்று பெயர் சொன்னோம். டவுன் டீமின் கோல்கீப்பர் கேப்டனின் மகன். பதினெட்டு வயது இருக்கும், நல்ல உயரம். நாங்கள் பெயர் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அவர்களுக்கு ஒப்புக்கு ஆடுகிற எண்ணம்தான். எங்களுக்கு அது இல்லை என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மணலில் ஓடிப் பழகிய காலுக்குக் கட்டாந்தரை பறக்கிற மாதிரி இருந்தது. பாதி ஆட்டத்துக்குள் மூன்று கோல் போட்டோம். முதல் கோலுக்குக் கூட்டம் கைதட்டியது. மூன்றாவதற்குத் தட்டவில்லை.

இடைவேளையில் கேப்டன் எங்கள் பக்கம் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அக்காவின் முன்னால் நின்று, தணிந்த குரலில்தான் பேசினார். நல்ல காரியத்துக்காக நடக்கிற ஆட்டம், சனங்கள் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள், பையன்களைக் கொஞ்சம் பார்த்து ஆடச் சொல்லக்கூடாதா என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "அங்கன மைக் இருக்கு. பரமக்குடியில கோல் போட்டது யாருன்னு அதுல சொல்லுங்க. நிறுத்தச் சொல்றேன்."

கேப்டன் அவரை அப்போதுதான் அடையாளம் கண்டார் என்று நினைக்கிறேன். முகம் சிறுத்துவிட்டது. இவ்வளவு வருஷம் கழித்து அது எதற்கு என்றார். அக்கா எங்களைப் பார்த்து, போய் ஆடுங்கள் என்றார்.

இன்னும் இரண்டு கோல் விழுந்தது. அந்த இரண்டில் ஒன்று என் காலில் இருந்து போனது. கூட்டம் இப்போது தன் சொந்த டீமைப் பார்த்தே கேலி செய்யத் தொடங்கியது. கேப்டன் மகன் ஒவ்வொரு பந்துக்கும் முழு உடம்போடு பாய்ந்தான். முழங்கையெல்லாம் ரத்தம். அவன் ஒருவன் இல்லாவிட்டால் கோல் இன்னும் எத்தனையோ விழுந்திருக்கும். பந்தலில் இருந்து தகப்பன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர் எழுந்து மைக்கிடம் போனார். ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி பரமக்குடியில நம்ம டீம் கப்பு வாங்குச்சு. அன்னைக்குக் கோல் போட்டது நம்ம ஆளு இல்ல. பாம்பன் ராயப்பன். பேர மாத்தி நான்தான் ஆட வச்சேன். தப்புத்தான்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு தம்பியின் பெயரைச் சொன்னது எனக்குத் தெரிந்தது. எல்லாம் முடிந்தது என்று என் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

அப்போது கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பெரிய மனசு, பெரிய மனசு என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். பந்தலில் ஒரு பெரியவர் எழுந்து வந்து கேப்டனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அக்கா கண்ணைத் திறந்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. யாருக்குத் தட்டுகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார். புரிந்ததும் அவர் முகம் மாறியதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேப்டன் அங்கிருந்தபடியே, சரிதானே என்பதுபோல எங்கள் பக்கம் பார்த்தார்.

"அது பேருக்கு" என்றார் அக்கா. "முட்டிக்கு இன்னும் இருக்கு. ஆடுங்கலே."

எங்கள் கேப்டன் தயங்கினான். அக்கா எழுந்து நின்றார். அதைப் பார்த்த பிறகு எவனுக்கும் தயங்கத் துணிச்சல் வரவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. அதற்கப்புறம் நாங்கள் போட்ட கோல்களை நான் எண்ணவில்லை. சனம் ஒவ்வொன்றாக எழுந்து போக ஆரம்பித்தது. எதிர் டீமில் மூன்று பேர் நடந்துதான் ஆடினார்கள். அந்தக் கோல்கீப்பர் மட்டும் கடைசி விசில் வரைக்கும் விழுந்து விழுந்து எழுந்தான்.

வண்டியில் திரும்பும்போது பையன்கள் பெஞ்சைத் தட்டிப் பாடினார்கள். நான் அக்காவின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மனசு ஆறியதா என்று கேட்டேன்.

"கை தட்டுனானுங்க பாத்தியா" என்றார்.

வசூல் குறையில்லாமல் வந்து சேர்ந்தது. கேப்டன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதில் வந்த வலைகளை அக்காவும் கூட இருந்துதான் வாங்கிப் பிரித்துக்கொடுத்தார். ராமநாதபுரத்தில் அந்த டவுன் டீம் அதற்குப் பிறகு அதிக நாள் நிற்கவில்லை. மைதானத்தில் இறங்கினாலே கருவாடு கருவாடு என்று சின்னப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள் என்று கேள்வி.

கொஞ்ச நாள் கழித்து, காலை பாசஞ்சரில் கேப்டன் மகன் பாம்பனில் இறங்கினான். கையில் ஒரு துணிப்பை, தோளில் பூட்ஸ். அக்காவைப் பார்க்க வேண்டும் என்றான். வண்டியை அனுப்பிவிட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் அவன் சொன்னான். முட்டி விஷயம் அவனுக்குத் தெரியாதாம். அன்று அக்கா சொன்னதைக் கேட்ட யாரோ வீட்டில் வந்து கேட்க, அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அதிலிருந்து அவன் தகப்பனோடு பேசுவதில்லை. எங்கள் அணிக்குக் கோல் நிற்க வந்திருக்கிறான். எங்கள் கோல்கீப்பர் அப்போது வேலை தேடித் தூத்துக்குடிக்குப் போய்விட்டிருந்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இதைவிட ஒரு முடிவு வேறு என்ன இருக்க முடியும் என்று நினைத்தேன்.

அக்கா மீனைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தார். அவன் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, பனையோலை நிழலில் அவனை உட்காரவைத்து, சோறும் மீன்குழம்பும் போட்டார். சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்து, குறைந்தபோதெல்லாம் கேட்காமலே போட்டார்.

"தம்பி, நீ நல்ல கோல்கீப்பர். அன்னைக்கு அத்தனை கோல் விழுந்தும் நீ விட்டுட்டு நிக்கல. நான் பாத்தேன். எங்க ஆளுங்கள்ல இப்படி ஒருத்தன் கெடையாது."

அவன் முகம் மலர்ந்தது.

"அதான் சொல்றேன். நீ இங்கன வராத. நீ ஓடும்போதெல்லாம் நான் உன் முட்டியத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். என்னைக்காவது ஒருநாள் எவன்கிட்டயாவது அது மேல விழச் சொல்லிருவேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. மழை வரப்போகிறது, மீனை எடுத்து உள்ளே வை என்று சொல்கிற குரல். பையன் என்னைப் பார்த்தான். அவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். வளர்ப்பு நல்ல வளர்ப்பு. "வாரேம்மா" என்றான்.

"வாரேன்னு சொல்லாத. போறேன்னு சொல்லு."

எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லிப் பிரிய மாட்டார்கள். சாவு வீட்டில்கூடச் சொல்லிக்கொள்ளாமல்தான் போவார்களே தவிர, போறேன் என்று சொல்லமாட்டார்கள். அவன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு சொன்னான். சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வருஷம் ராயப்பர் திருநாள் போட்டியில் எங்கள் சொந்த மணலில், எங்கள் சனத்தின் முன்னால், எங்கள் கோலுக்குள் பந்து போய்க்கொண்டே இருந்தது. கோல் நின்றவன் கைக்கு எதுவும் எட்டவில்லை. தோற்றுத் தண்ணீர் குடிக்க வந்தபோது எங்களில் ஒருவன், அந்தப் பையன் மட்டும் நின்றிருந்தால் என்று முணுமுணுத்தான். அக்கா காதில் விழுந்துவிட்டது.

"நின்னிருந்தா செயிச்சிருப்பீங்க" என்றார். "அதுக்கென்ன?"

பிறகு ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீரை மொண்டு கொடுத்தார்.